உள்ளூர் உதவியாளர்

விக்கிரமங்கலம்
9.6.2024

அண்ணனுக்கு,

நீ அங்கே எலி பிடிக்கிறாய்.

கேள்வியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். மாமா மகன் மணிவேல் நேற்று பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி போனைக் காட்டினான். உன் ஆராய்ச்சி நிலையத்தார் போட்ட படம். பின்னால் வெள்ளை வெளேரென்று மலை. முன்னால் நீ, கையுறை போட்டுக்கொண்டு ஒன்றின் பிடரியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாய். "என்ன ரஞ்சனி, ஒங்கண்ணன் இமயமலைக்குப் போயி எலி புடிக்கிறான் போலருக்கு? அதுக்கு நம்ம ஏரிக்கரையே போதுமே, டிக்கெட் காசாவது மிஞ்சியிருக்கும்" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

போன கடிதத்தில் 'சிறு பாலூட்டிகளைக் கண்காணிக்கிறோம்' என்று எழுதியிருந்தாய். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "சிறு பாலூட்டின்னா என்னா, ஆட்டுக்குட்டி மாதிரியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது அவர் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனில் ஏறும் டீச்சர்களிடமெல்லாம், "எம்மவன் இமயமலையில ஆட்டு ஆராய்ச்சி பண்றான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தப் பொய்யை என் தலையில் கட்டியது நீ.

பெரம்பலூரில் விலங்கியல் வாத்தியாராக இருந்தாய். பசங்கள் 'அரவிந்தன் சார்' என்று கூப்பிட்டார்கள். அதை விட்டுவிட்டுப் போனாய். கட்டுரையில் பெயர் வரும், பெயர் வந்தால் பிஎச்.டி. சீட்டு கிடைக்கும், டாக்டராகத் திரும்பி வருவேன் என்றாய். டாக்டர் பட்டத்தை எந்த வளைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள்?

அம்மாவுக்கு முட்டிவலி. அப்பாவுக்குச் சர்க்கரை. எனக்கு அரியலூர் கம்ப்யூட்டர் சென்டரும் சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதியும். நீ சுகமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

சிவரஞ்சனி


ஸ்பிட்டி மலை முகாம்
28.6.2024

அன்புள்ள ரஞ்சனிக்கு,

அண்ணன் நலம். அப்பா, அம்மா நலத்துக்கு எழுது. இங்கே டவர் கிடையாது. அரிசி கொண்டுவருகிற ஜீப்தான் தபால்காரன். அதனால் உன் கோபம் என்னிடம் வந்து சேர்வதற்குள் உனக்கு ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

படத்தில் இருந்தது எலி இல்லை. வோல் என்று பெயர். வால் குட்டை, காது முடிக்குள் புதைந்து கிடக்கும். இன்னொன்று இருக்கிறது, பைக்கா. அது முயலுக்கு உறவு. கோடையில் புல்லை அறுத்து, பாறையிடுக்கில் காயவைத்துப் போர் போட்டுவைக்கும். நம்மூர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் பிடித்துப்போகும்.

நீ நினைக்கிற மாதிரி அடித்துக் கொல்கிற வேலை இல்லை. அலுமினியப் பெட்டிக்குள் ஓட்ஸையும் நிலக்கடலை வெண்ணெயையும் பிசைந்து உருட்டி வைப்போம். கூடவே ஒரு பிடி பஞ்சு. பஞ்சு இல்லாவிட்டால் ராத்திரிக் குளிரில் உள்ளே மாட்டியது விறைத்துச் செத்துப்போகும். விடிந்ததும் ஓடிப்போய்ப் பெட்டிகளைத் திறக்க வேண்டும். துணிப்பையில் இறக்கி எடை பார்த்து, ஆணா பெண்ணா பார்த்து, காதில் குன்றிமணி அளவு எண் தகடு மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். மறுபடி மாட்டினால் அது எவ்வளவு வளர்ந்தது, எங்கே போனது என்று தெரியும். மலை சூடாக ஆக இதுகள் இன்னும் மேலே ஏறுகின்றனவா என்று பார்க்கிறோம். ஏறி ஏறி உச்சிக்குப் போய்விட்டால் அதற்கு மேல் போக இடமில்லை.

ஒரு பெண் வோல் இருக்கிறது. எந்த இடத்தில் பெட்டி வைத்தாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடலைக்கும் பஞ்சுக்கும் பழகிவிட்டது. கதவைத் திறந்தால்கூட ஓடுவதில்லை.

முதல் கட்டுரையில் என் பெயர் உண்டு என்று சுதர்சன் சார் சொல்லியிருக்கிறார். திட்டத்துக்குத் தலைவரே அவர்தான். சும்மா சொல்ல மாட்டார்.

நாக்கு செத்துவிட்டது. அம்மாவிடம் சொல்லி நெத்திலிக் கருவாடு அனுப்பு.

உன் அண்ணன்
அரவிந்தன்


விக்கிரமங்கலம்
15.7.2024

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் பஞ்சு மெத்தையில் படுத்திருப்பாய்.

வோல், பைக்கா என்றெல்லாம் எழுதிவிட்டாய். எலி என்ற வார்த்தை மட்டும் உன் பேனாவில் 'எலி இல்லை' என்று சொல்லத்தான் வருகிறது. யார் வளர்ப்பு! நம் வீட்டில் அரிசி மூட்டையைக் கடித்துக் குதறினாலும் 'அது கடிச்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நான் ஒருமுறை வாய் தவறி எலி என்று சொல்ல, அப்பா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். உனக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியும். அறுப்பு முடிந்த வயலில் வளை வெட்டி நெல் எடுத்த தெரு நம் தெரு. எடுத்த நெல் நம் பசிக்கு. மற்றவர்களுக்கு அது பட்டப்பெயர். அட்டெண்டன்ஸ் எடுக்கிற வாத்தியார் அப்பாவை அய்யம்பெருமாள் என்று கூப்பிட மாட்டாராம். "எலி வந்துட்டானா?" என்பாராம். இவரும் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்பாராம். பெருமாள் பெயரை இந்தத் தெருப் பையனுக்காகச் சொல்ல அந்த வாய்க்குக் கூசியிருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்துக்கு நீ போக வேண்டும் என்றுதானே உன்னைப் படிக்கவைத்தார்?

ஒன்று கேட்கிறேன். இத்தனை எம்.எஸ்சி.க்காரர்கள் இருக்க, அந்த சார் உன்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்? இன்டர்வியூவில் என்ன கேட்டார்?

கருவாடு அனுப்பியிருக்கிறோம். அம்மா மூன்று கவர் போட்டுச் சுற்றியிருக்கிறாள். "தொரைங்க இருக்கிற எடம், நாறுச்சின்னா புள்ளைய ஏதாச்சும் சொல்லுவாங்க" என்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள். இதை எழுதியது அம்மாவுக்காக.

சிவரஞ்சனி


ஸ்பிட்டி மலை முகாம்
6.8.2024

அன்புள்ள ரஞ்சனிக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கருவாடு வந்து சேர்ந்தது. அம்மாவிடம் சொல், அது சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டது.

போன வாரம் ஜீப் வரவில்லை. கடலை வெண்ணெய் தீர்ந்துபோனது. பெட்டிகளைக் காலியாக வைக்க மனமில்லை. கையில் கருவாடு இருந்தது. நம் வீட்டுப் பொறியில் கருவாட்டைத்தானே மாட்டுவோம்? அந்தக் கைப்பழக்கத்தில் பெட்டிக்கு ஒரு நெத்திலியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. இதுகள் புல்லும் விதையும் தின்கிற சாதி. கருவாட்டை முகர்ந்துகூடப் பார்க்காது. எம்.எஸ்சி. படித்தவன் செய்கிற காரியமா?

காலையில் போனால் எல்லாப் பெட்டியும் காலி. கடைசிப் பெட்டி மட்டும் பாறைமேல் கிடந்து குதித்தது. திறந்தால் ஒரு வீசல்! கீரிக்குத் தம்பி மாதிரி இருக்கும். கயிறு போல நீள உடம்பு, வயிறு மட்டும் மஞ்சள். வோலைத் துரத்தித் தின்கிறது இதுதான் என்று தெரியும். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கையுறையோடு சேர்த்துக் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. விடவில்லையே நான்!

சார் ஓடி வந்தார். "யாருய்யா கருவாடு வெச்சது?" என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முதுகில் தட்டினார். "இத எழுதறோம் அரவிந்தன். நீயும் நானும்" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

மிச்சக் கருவாட்டை நான் தினம் சுட்டுச் சாப்பிடுகிறேன். வாடை மற்றவர்களுக்கு ஆகவில்லை. அதனால் கூடாரத்துக்கு வெளியே பாறைமேல் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து பார்த்தால் மலை நன்றாகத் தெரியும்.

உன் அண்ணன்
அரவிந்தன்


விக்கிரமங்கலம்
25.8.2024

அண்ணனுக்கு,

விரல் ஆறிவிட்டதா? ஊசி போட்டாயா? அம்மா கேட்கிறாள். கருவாட்டுக் கதையைப் படித்துக் காட்டியதில் இருந்து அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "நாலு நெத்திலியில என்னமோ பெரிய மிருகத்த புடிச்சிட்டானாம்" என்கிறாள். இன்னும் ஒரு வாரம் போனால் நீ புலி பிடித்ததாகிவிடும்.

நான் இரண்டு முறை படித்தேன். மலை நன்றாகத் தெரிகிறதாம். பனிக்காற்றில் வெளியே உட்கார்ந்து தின்கிறவனுக்கு மலை தெரியாமல் என்ன தெரியும்? டீக்கடை வாசலில் நின்று குடித்த நம் ஆட்களுக்குக்கூட ரோடு நன்றாகத்தான் தெரிந்தது.

உன் சார் வோலுக்குப் பஞ்சு வைக்கச் சொல்கிறார். விறைத்துச் செத்துப்போகுமாம். உன்னை எங்கே உட்காரச் சொன்னார் என்று பார். கருவாட்டால் கிடைத்த வீசல் அவர் கூடாரத்துக்குள் போயிருக்கும். கருவாடு போகக்கூடாது.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இன்டர்வியூவில் என்ன கேட்டார்?

சிவரஞ்சனி


ஸ்பிட்டி மலை முகாம்
5.10.2024

ரஞ்சனிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

எல்லாவற்றிலும் குற்றம் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கும் பிழைக்க முடியாது. இங்கே என்னை நன்றாகவே நடத்துகிறார்கள். போன மாதம் சென்னையிலிருந்து புதிதாக இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள். அவர்கள் கம்ப்யூட்டர் வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

பனி தொடங்கிவிட்டது. எல்லோரும் கீழே இறங்குகிறார்கள். நான் மட்டும் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் தங்குகிறேன். குளிர்காலத்தில் இதுகள் பனிக்கு அடியில் சுரங்கம் போட்டு வாழும். தரையில் மரக்கூண்டு நட்டு மூடி வைத்திருக்கிறோம். மூடியைத் திறந்து பனிக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்துப் பார்க்கலாம். இதை நம்பி விட்டுப்போக ஆள் வேண்டும் அல்லவா? சார் என்னைத்தான் நம்பினார்.

வீசல் கட்டுரை தயாராகிறது. அப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

அரவிந்தன்


அரியலூர்
17.11.2024

அண்ணனுக்கு,

கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தே எழுதுகிறேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வாரா வாரம் உன் பெயரைப் போட்டுத் தேடுவேன். ஒன்றும் வராது. இன்றைக்கு உன் சார் பெயரைப் போட்டுத் தேடினேன். உடனே வந்துவிட்டது. வீசல் கட்டுரை. அச்சாகி இரண்டு வாரம் ஆகிறது. பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

எழுதியவர்கள் மூன்று பேர். சுதர்சன் சார், அப்புறம் அந்த இரண்டு மாணவர்கள். அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அது உன் விரலைக் கடித்தது. பரவாயில்லை, கம்ப்யூட்டரும் கடிக்கும்போல.

அம்மாவின் கருவாடு வந்திருக்கிறது. 'உலர்ந்த நெத்திலி மீன் இரையாகப் பயன்படுத்தப்பட்டது.' அது என்ன மீன் என்று அறிவியல் பெயரைச் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறார்கள். நெத்திலிக்குப் பெயர் இருக்கிறது. வீசலுக்கு இருக்கிறது. பெட்டி செய்த கம்பெனிக்கு இருக்கிறது. கடைசியில் நன்றி சொல்கிற இடத்துக்கு வந்தால் இப்படி ஒரு வரி இருக்கிறது. தமிழில் எழுதுகிறேன், நிதானமாகப் படி:

'எலி பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட சமூகத்தைச் சேர்ந்த உள்ளூர் உதவியாளர் ஒருவர் களத்தில் உதவினார்.'

விக்கிரமங்கலம் எப்போது ஸ்பிட்டிக்கு உள்ளூர் ஆனது? எம்.எஸ்சி. விலங்கியல் எப்போது பரம்பரைத் தொழில் ஆனது? நீ எழுதக் கூசிய வார்த்தையை அவர் எவ்வளவு கூசாமல் எழுதியிருக்கிறார் பார். ஒருவர் என்று போட்டிருக்கிறார். ஒன்று என்று போடாமல் விட்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது தடவை கேட்கிறேன். இன்டர்வியூவில் என்ன கேட்டார்?

சிவரஞ்சனி


ஸ்பிட்டி
22.12.2024

ரஞ்சனி,

நலமாக இருக்கிறேன் என்று எழுத ஆரம்பித்து, கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

சர்டிபிகேட் ஃபைலை மேஜைமேல் வைத்தேன். அவர் திறக்கவில்லை. எந்த ஊர் என்றார். அரியலூர்ப் பக்கம் என்றேன். அரியலூரில் எங்கே என்றார். சொன்னேன். ஊருக்குள்ளேயா, கொஞ்சம் தள்ளியா என்றார். தள்ளி என்றேன். சிரித்தார். "அப்ப ஒனக்கு ட்ரெயினிங்கே வேண்டாமே. ஒங்க ஆளுங்களுக்கு இது கையிலயே இருக்குமே" என்றார். ஃபைலை என் பக்கமே தள்ளிவிட்டார். அன்றைக்கே வேலை கொடுத்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து வந்திருந்தால் இன்னொரு இடத்தில் ஃபைலைத் திறப்பார்களா?

ஜீப் டிரைவரின் சாட்டிலைட் போனில் அவரிடம் கட்டுரையைப் பற்றிக் கேட்டேன். "அடுத்ததுல போட்டுடலாம்யா, இதுக்கெல்லாமா போன் பண்ணுவ" என்றார். அடுத்த வருடத்துக்கும் என்னை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சரி என்றேன். அடுத்த கட்டுரையில் வந்துவிடும். நீ எதையாவது எழுதிக் கெடுத்துவிடாதே. அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

அந்தப் பெண் வோல் பனிக்குப் பிறகும் வருகிறது. காதில் தகடு இருந்த இடம் கிழிந்துவிட்டது. ஆனாலும் வருகிறது.

அரவிந்தன்


விக்கிரமங்கலம்
19.1.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் பொங்கல் கழித்து வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே. அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

காது கிழிந்தும் கடலைக்கு வருகிற ஜென்மத்தைப் பற்றி எனக்கு எழுதுகிறாயே, அதை எழுதும்போது உனக்குச் சிரிப்பு வரவில்லையா? அடுத்ததில் போடுவாராம். அடுத்த வருடம் சரி என்றாயாம். கதவு திறந்துதான் இருக்கிறது அண்ணா. நீதான் ஓடவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றுதான் எழுதினாய், நான் கேட்கவில்லை. வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பிரின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணன் பண்றது ஆட்டு ஆராய்ச்சி இல்லப்பா" என்றேன்.

"தெரியும்" என்றார். "மணிவேலு என்னைக்கோ காட்டிட்டான். நீ ஆடுன்னு சொன்ன, சரி, ஆடாவே இருந்துட்டுப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

பிறகு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். தமிழில்தான். அந்த வார்த்தை வந்த இடத்தில், 'அது பிடிப்பதை' என்று படித்தேன்.

"எதப் புடிக்கிறத?"

நான் அடுத்த வார்த்தைக்குத் தாவப் பார்த்தேன்.

"வாய்வுட்டுப் படி. எலின்னுதான போட்டுருக்கான்? எலின்னு படி."

படித்தேன். குழாயை மூடினார். "பேரு எங்க?" என்றார்.

"இல்லப்பா."

"நல்லாப் பாரு. சின்ன எழுத்துல போட்டுருப்பான்."

"எங்கயும் இல்ல. உள்ளூர் உதவியாளர் ஒருவர்னு இருக்கு."

பிரின்ட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் உன் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று தெரியும். உன் சர்டிபிகேட்டில் பார்த்திருக்கிறார். ஈர விரலை ஒவ்வொரு வரியாக வைத்துத் தேடினார். தாள் நனைந்து கிழிந்துபோனது.

"எலின்னு என்ன வேணா போட்டுக்கட்டும். நான் கேக்காததா?" என்றார். "பேரப் போடச் சொல்லு அவன. அட்டெண்டன்ஸ்ல கூப்புடாம எவனாச்சும் உள்ளேன் ஐயான்னு சொல்லிக்கிட்டே இருக்க முடியுமா?"

அவருக்காக நான் சாருக்கு எழுதப்போகிறேன். உன் வேலை போகலாம். அதனால் உனக்கு முன்கூட்டியே சொல்கிறேன். சரி என்றோ, வேண்டாம் என்றோ எழுது.

சிவரஞ்சனி


ஸ்பிட்டி
24.2.2025

ரஞ்சனி,

அப்பா அந்த வார்த்தையைச் சொன்னாரா? அவர் வாயாலேயா?

அனுப்பு. நான் சொல்லி அனுப்புவதாக மட்டும் எழுதிவிடாதே.

அரவிந்தன்


விக்கிரமங்கலம்
27.4.2025

முனைவர் சுதர்சன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன.

தங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. இதை என் அண்ணன் கேட்டு நான் எழுதவில்லை. அவனுக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் அவனை எடுத்தீர்கள்.

முதல் கடிதத்தில் மரியாதையாக எழுதியிருந்தேன். வீசல் கட்டுரையில் விடுபட்ட பெயரைத் திருத்தமாக வெளியிட வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவனுடைய எம்.எஸ்சி. சான்றிதழ் நகலும் வைத்திருந்தேன். தாங்கள் அன்றைக்குத் திறக்காத ஃபைலில் இருந்த அதே சான்றிதழ். இரண்டாவது கடிதத்தில் மரியாதை குறைவு. அதற்காக வருத்தப்படவில்லை.

அவன் உள்ளூர் இல்லை. எங்கள் ஊரில் இருந்து தங்கள் முகாமுக்கு வந்துசேர ரயிலும் பஸ்ஸும் ஜீப்பும் மாற வேண்டும். அவனுடைய தொழில் பரம்பரைத் தொழிலும் இல்லை. அவன் அப்பா வேன் ஓட்டுகிறார். வீசலைப் பிடித்தது அவன் செய்த ஒரு தவறு. வோலுக்குக் கருவாடு வைத்தான். அந்தத் தவறும் அவனுடையதுதான். அதையும் அவன் பெயரிலேயே போடுங்கள், எங்களுக்கு வெட்கம் இல்லை. எலி என்ற வார்த்தையை எடுக்கச் சொல்லிக்கூட நாங்கள் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். பக்கத்தில் பெயர் இருந்தால் போதும்.

அடுத்த கட்டுரையில் போடுகிறேன் என்றீர்களாம். அந்த விரலை அடுத்த கட்டுரையில் கடிக்கவில்லை.

முந்தைய கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான அட்டை திரும்பி வந்துவிட்டது. என் முன்னால்தான் இருக்கிறது. அதில் தங்கள் பெயரைத் தாங்களே முழுசாக, முன்னால் டாக்டர் என்று சேர்த்து, எழுத்துப் பிசகாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பெயர் போடத் தங்களுக்குத் தெரிகிறது. அப்பா அந்த அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அ. அரவிந்தன், எம்.எஸ்சி. விலங்கியல், விக்கிரமங்கலம், அரியலூர் மாவட்டம். எழுத்துக்கூட்டிக் கொடுத்துவிட்டேன்.

எப்போது போடுவீர்கள்?

அ. சிவரஞ்சனி